நூல்வழிச் சட்டமும் ஊர்வழக்காறும்: ஜே. எச். நெல்சனின் இந்துச் சட்ட விமரிசனம் – ஒரு மறுமதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாளராகவும் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கிய ஜேம்ஸ் ஹென்றி நெல்சன், சென்னை உயர்நீதிமன்றம் கையாண்ட ‘இந்துச் சட்டம்’ தமிழ்நாட்டுப் பெரும்பான்மைக் குடிகளின் வாழ்வோடு பொருந்தாத ஒன்று என 1877 முதல் 1887 வரை தொடர்ந்து வாதிட்டார். அவரது வாதத்தின் வலிமையையும் குறைபாட்டையும் அக்கால வழக்குகள் சிலவற்றின் துணையோடு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. வழக்காறே சட்டத்தின் அடிப்படையாக வேண்டும் என்று கோரிய நெல்சன், அவ்வழக்காற்றுக்குரிய தமிழ்ச் சான்றுகளைத் திரட்டி முன்வைக்கவில்லை என்பதும், ‘யாருடைய வழக்காறு’ என்னும் வினாவை எழுப்பவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

குறிச்சொற்கள்: நெல்சன், மேய்ன், எல்லிஸ், மிதாட்சரம், வழக்காறு, தேசவழமை, சென்னை உயர்நீதிமன்றம்.

முன்னுரை

தமிழாய்வுலகில் நெல்சனின் பெயர் பெரும்பாலும் ஒரே ஒரு நூலோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. 1868இல் வெளிவந்த ‘மதுரை நாடு’ என்னும் மாவட்டக் கையேடே அது. நாயக்கர் கால வரலாற்றையும் மறவர், கள்ளர் முதலிய குடிகளின் வாழ்வியலையும் ஆராய்வோர் இன்றும் அந்நூலை எடுத்தாள்கின்றனர். ஆயின் அதற்குப் பின்னர் அவர் எழுதிய மூன்று சட்ட நூல்கள் தமிழ்ப் புலத்தில் போதிய கவனம் பெறவில்லை. அவை சட்டத்துறைக்கு மட்டும் உரியவை எனக் கருதப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். உண்மையில் அந்நூல்கள் எழுப்பும் வினா தமிழ்ச் சமூக வரலாற்றின் மையத்தைத் தொடுவது. மணம், தத்து, பாகப்பிரிவினை, பெண்ணின் சொத்துரிமை ஆகியவற்றைத் தமிழர் எந்த நெறியால் ஒழுங்குபடுத்திக்கொண்டனர் என்பதும், அந்நெறியை நீதிமன்றம் எவ்வாறு அறிந்துகொண்டது அல்லது அறியாமல் விட்டது என்பதும் அவ்வினாவின் இரு கூறுகள்.

நெல்சனின் சட்ட நூல்கள்

நெல்சன் சென்னை ஆட்சிப் பணியில் சேர்ந்து, வருவாய்த்துறை, நீதித்துறை இரண்டிலும் பழகியவர். ‘மதுரை நாடு’ அரசின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட நூல். அதனைத் தொகுக்கும் பணி அவரை ஊர்ப்புறக் குடிகளின் மணமுறை, மணமுறிவு, மறுமணம், வாரிசு உரிமை பற்றிய செய்திகளுக்கு அருகில் கொண்டுசென்றது. நீதிபதியாக அமர்ந்தபோது அதே குடிகளின் வழக்குகளை வடமொழி நூல்களின் மொழிபெயர்ப்பைக் கொண்டு தீர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. இம்முரண்பாட்டிலிருந்தே அவரது சட்ட விமரிசனம் பிறந்தது எனலாம்.

1877இல் சென்னை உயர்நீதிமன்றம் கையாளும் இந்துச் சட்டம் பற்றிய நூலையும், 1881இல் இந்துச் சட்டத்தை அறிவியல் முறையில் பயில்வதற்கான முன்வரைவையும், 1887இல் இந்திய வழக்காறும் நீதிபதிகள் ஆக்கிய சட்டமும் பற்றிய நூலையும் அவர் வெளியிட்டார். மாவட்ட நீதிபதி ஒருவர் தமக்கு மேலான உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புகளை நூல் எழுதி மறுப்பது அன்றைய பணி மரபில் அரிதான செயல். 1882இல் உயர்நீதிமன்ற நீதிபதி லூயிஸ் சார்லஸ் இன்னஸ், ஆளுநர் கிராண்ட் டஃப்புக்கு எழுதிய திறந்த மடலாகவே நெல்சனின் கருத்துகளுக்கு மறுப்பு நூலொன்றை வெளியிட்டார். நெல்சன் அதற்கும் விடை எழுதினார். அவர் மாவட்ட நீதிபதி என்னும் நிலைக்கு மேல் உயரவில்லை.

நீதிமன்றம் ஆக்கிய ‘இந்துச் சட்டம்’

நெல்சனின் வாதத்தை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தைய நூறாண்டு வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்திற்கு வகுத்த நீதித்திட்டம், வாரிசுரிமை, மணம், சாதி முதலியவற்றில் இந்துக்களுக்குச் சாத்திரமும் முஸ்லிம்களுக்குக் குர்ஆனும் அடிப்படையாகும் என்றது. அக்கொள்கை 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. நீதிமன்றங்களில் பண்டிதர்கள் அமர்த்தப்பட்டனர். கோல்புருக் 1810இல் மிதாட்சரத்தின் தாயபாகப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சென்னை உச்சநீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியான தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் 1825இல் இந்துச் சட்டத்தின் கூறுகளைத் தொகுத்து நூலாக்கினார். 1862இல் உயர்நீதிமன்றம் அமைந்தது. 1864இல் பண்டிதர் பதவி நீக்கப்பட்டது. அதன்பின் நீதிபதியின் கையில் எஞ்சியவை மொழிபெயர்ப்பு நூல்களும் முன்தீர்ப்புகளுமே.

இக்காலத்தில் சட்டம் தமிழுக்குள் வந்த முயற்சிகளும் உண்டு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ எனத் தொகுத்தளித்தார். ஆங்கிலம் அறியாத மக்களுக்கு அது பேருதவி. எனினும் அம்முயற்சியின் திசை குறிக்கத்தக்கது. நீதிமன்றத்தின் சட்டம் தமிழுக்குப் பெயர்க்கப்பட்டது. தமிழரின் வழக்காற்றை நீதிமன்றத்திற்குப் பெயர்த்துத் தரும் தொகுப்பு எழவில்லை.

1873ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம், இந்துச் சட்டத்தோடு, ‘சட்ட வலிமையுடைய வழக்காறு’ என்பதனையும் தீர்ப்புக்கு அடிப்படையாக ஏற்றது. வழக்காற்றுக்குக் கதவு திறந்தே இருந்தது. அதன் வழியே நுழைய எத்தகைய சான்று தேவை என்பதில்தான் சிக்கல் இருந்தது.

நெல்சனின் வாதம்

நெல்சன் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் பொதிந்திருந்த கோட்பாடுகளைப் பிரித்தெடுத்துப் பட்டியலிட்டு, அவை பிழையானவை என மறுத்தார். அவற்றுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, ‘இந்துச் சட்டம்’ என ஒன்று உலகில் நிலவியது என்னும் நம்பிக்கை. அறநூல்களும் உரைகளும் எந்த அரசாலும் சட்டமாக இயற்றப்பட்டவை அல்ல. மிதாட்சரம் ஓர் அறிஞரின் உரையேயன்றி மாகாணத்துக்குரிய சட்டத் தொகுப்பு ஆகாது என்றார் அவர். இரண்டாவது, இந்து எனப்படும் எல்லாரையும் அச்சட்டம் கட்டுப்படுத்தும் என்னும் கருத்து. வேளாளர், மறவர், கள்ளர், இடையர் முதலிய குடிகளுக்கு வடமொழி அறநூல் அறிமுகமற்றது என்பது அவர் நிலைப்பாடு. மூன்றாவது, நீதிமன்றத்தால் முன்பு ஏற்கப்படாத வழக்காறு, தெளிவான நூல் விதியை மீறி நிற்க இயலாது என்னும் தீர்ப்பு நெறி. இம்மூன்றாவது நெறி தன்னைத்தானே சுற்றிவரும் இயல்புடையது. நீதிமன்றம் ஏற்றால்தான் வழக்காறு செல்லும். செல்லாத வழக்காற்றை நீதிமன்றம் ஏற்காது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், புதிதாக எந்த வழக்காறும் நீதிமன்றத்துள் நுழையவே வழியில்லை.

வழக்குகள் தரும் சான்று

நெல்சனின் குற்றச்சாட்டு மிகையா என்பதனை வழக்குகளே காட்ட வல்லன. மேற்குறித்த மூன்றாவது நெறி, 1863இல் நரசம்மாள் – பலராமாச்சார்லு வழக்கில் வெளிப்பட்டது. சகோதரியின் மகனைத் தத்தெடுத்தல் செல்லுமா என்பது அங்கு எழுந்த சிக்கல். நூல் விலக்கியதனை வழக்காறு அனுமதிக்க இயலாது என்பது முடிவாயிற்று. ஆனால் 1885இல் வைதிநாத – அப்பு வழக்கில் அதே உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, தென்னிந்தியப் பிராமணரிடையே சகோதரியின் மகனையும் மகளின் மகனையும் தத்தெடுக்கும் வழக்காறு நிலவுகிறது எனவும் அது செல்லும் எனவும் ஏற்றது. அறநூலைப் போற்றும் பிராமணக் குடும்பங்களே நூல் விலக்கியதனைச் செய்துவந்தன என்பது இதனால் தெளிவாகிறது. நூலுக்கும் வாழ்வுக்கும் இடையிலான தொலைவு பற்றிய நெல்சனின் கூற்றுக்கு இதைவிட வலிய சான்று தேவையில்லை.

இராமநாதபுரம் வழக்கு இன்னொரு கோணத்தைத் தருகிறது. கணவனின் அனுமதி இல்லாத நிலையில், கணவன்வழி உறவினரின் இசைவோடு இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தமை செல்லுமா என்பது வினா. அரசின் சார்பில் மதுரை ஆட்சியர் அதனை எதிர்த்து நின்றார். 1868இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தத்து செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட நூலைவிட மேலானது என்னும் புகழ்பெற்ற நெறி இவ்வழக்கில்தான் உரைக்கப்பட்டது. ஆயினும் அந்த மறவர் குடும்பத்தின் உரிமையை நிலைநாட்ட எடுத்துக்காட்டப்பட்டவை பெரும்பாலும் ‘திராவிட நெறி’க்குரிய வடமொழி நூல்களும் பண்டிதர் கருத்துகளும் ஐரோப்பியர் எழுதிய கையேடுகளுமே. வழக்காறு வென்றது, ஆனால் அது நூலின் வாயால் பேசி வென்றது.

பின்னர் ஒரு வழக்கில் நீதிபதி ஹாலோவே, மறவருக்கு இந்துச் சட்டக் கோட்பாட்டைப் பொருத்துவது நகைப்புக்கிடமானது எனத் தாமே ஒப்புக்கொண்டார். ஆயின் காலம் கடந்துவிட்டமையால் அவ்வுணர்வின்படி நடக்க இயலாது என்றும் அவர் கூறினார். நெல்சனின் கருத்தை அவர் எதிர்த்த நீதிமன்றமே உள்ளூர அறிந்திருந்தது என்பதற்கு இக்கூற்று சான்று. அறிந்தும் மாறாமைக்குக் காரணம், முன்தீர்ப்பைப் பின்பற்றும் கடப்பாடு.

இவ்வழக்குகள் சமீன்களிலும் பிராமணக் குடும்பங்களிலும் எழுந்தவை. அவற்றில் உருவான விதிகளோ மாகாணம் முழுமைக்கும் பரவின. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவண்ணாமலை வட்டத்தின் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில், இரயத்துவாரிப் பட்டாவில் நிலம் உழுத ஒரு குடும்பம் பாகப்பிரிவினைக்காக நீதிமன்றம் ஏறினால், அதற்கும் சேதுபதி, சிவகங்கைக் குடும்ப வழக்குகளில் வகுத்த விதியே பொருந்தும். சமீன் வழக்கில் பல ஆண்டுகள் வாதிட்டுத் தம் வழக்காற்றை மெய்ப்பிக்கப் பொருள்வளம் இருந்தது. சில காணி நிலமே உடைய உழுகுடிக்கு அவ்வளம் இல்லை. மெய்ப்பிக்கும் சுமை வழக்காற்றை எடுத்துரைப்பவர் மீது விழுந்தமையால், வறியோரின் வழக்காறே முதலில் மறைந்தது.

இன்னசும் மேய்னும்

நெல்சனுக்கு எதிரான வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பல்லாண்டுத் தீர்ப்புகளை நம்பி மக்கள் நிலம் வாங்கியும் விற்றும் தத்தெடுத்தும் வந்துள்ளனர். அடித்தளத்தையே மறுத்தால் உரிமைகள் குலையும் என்பது நிலைபெற்ற சட்டத்தின் பக்கம் நின்றோரின் அச்சம். சட்டத்தின் உறுதிப்பாடும் ஒரு நலமே.

நடுவழியைத் தேர்ந்தவர் ஜான் டாசன் மேய்ன். சென்னையில் வழக்கறிஞராகவும், 1868 முதல் 1872 வரை தற்காலிக அட்வகேட் ஜெனரலாகவும் அரசுக்காக வாதாடியவர் அவர். இங்கிலாந்து திரும்பியபின் பிரிவி கவுன்சிலில் வாதாடிய அவர், 1878இல் வெளியிட்ட நூலுக்கு ‘இந்துச் சட்டமும் வழக்காறும்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். பிராமணிய நெறிக்கு முற்பட்ட தொல் வழக்காறுகளே இந்துச் சட்டத்தின் அடித்தளம் என்பது அவர் கருத்து. தென்னிந்தியத் தமிழரின் வழக்காற்றை அறிய யாழ்ப்பாணத் தேசவழமையை அவர் பலவிடத்தும் துணைகொண்டார். அதே வேளையில் தீர்ப்புகளை ஒழுங்குபடுத்தி வழக்கறிஞருக்குப் பயன்படும் கையேடாகவும் நூலை அமைத்தார். மேய்னின் நூல் இன்றளவும் புதிய பதிப்புகளாக வெளிவருகிறது. நெல்சனின் நூல்கள் நூலகங்களில் உறங்குகின்றன. மேய்னின் நூல் நாள்தோறும் வாதாடுவோருக்கு உதவியது. நெல்சனின் நூல்களோ நீதிமன்றம் தன் அடித்தளத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றன. இவ்வேறுபாடே அவற்றின் பிற்கால நிலையை முடிவுசெய்தது எனலாம்.

நெல்சன் அழைக்காத சாட்சிகள்

நெல்சனின் வாதத்தில் உள்ள பெருங்குறை அவர் எதிரிகள் சுட்டியதனினும் ஆழமானது. வழக்காறே தமிழ்க்குடிகளின் சட்டம் என்றால், அவ்வழக்காற்றைக் காட்டும் ஆவணங்கள் எங்கே என்னும் வினா இயல்பாக எழும். நெல்சனின் சட்ட நூல்களில் பெரிதும் இடம்பெறுவன தீர்ப்புகளின் மறுப்பும் வடமொழி நூல்களின் மதிப்பு பற்றிய விவாதமுமே. வடமொழிப் பகுதியில் தஞ்சை நீதிபதி பர்னல் போன்றோரின் ஆய்வு அவருக்குத் துணையாயிற்று. தமிழ்ப் பகுதியில் அத்தகைய துணையை அவர் தேடவில்லை. ஓலை முறிகள், பாகப்பிரிவினைச் சீட்டுகள், சாதிப் பஞ்சாயத்து முச்சலிக்காக்கள், கோயிற் கல்வெட்டுகள் ஆகியவை அவர் நூலில் சாட்சிக் கூண்டேறவில்லை.

இது இயலாத செயல் அன்று என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எடுத்துக்காட்டு உண்டு. சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ், 1818இல் வெளிவந்த மிராசு உரிமை பற்றிய ஆய்வில், காணியாட்சி என்பது யாது என்னும் வினாவுக்குச் சங்கரய்யாவின் துணையோடு விடை தேடினார். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நில விற்பனை முறிகளும் அங்குச் சான்றுகளாக வைக்கப்பட்டன. திராவிட மொழிகளின் தனிக்குடும்ப உறவை 1816இல் நிறுவிய அதே அறிஞர், நிலவுரிமைச் சிக்கலிலும் தமிழ்ச் சான்றுகளையே முதன்மையாக நாடினார். எல்லிஸ் நிலத்துக்குச் செய்ததனைக் குடும்பச் சட்டத்துக்கு நெல்சன் செய்திருப்பின், அவர் வாதம் மறுக்க அரிதாகியிருக்கும். இராமநாதபுரம் வழக்கில் வழக்காற்றுக்குத் ‘தெளிவான மெய்ப்பிப்பு’ வேண்டும் எனப் பிரிவி கவுன்சில் கேட்டிருந்தது. அதற்குரிய சான்றுகள் தமிழில்தான் இருந்தன.

யாழ்ப்பாணம் மாற்று வழியொன்றைக் காட்டுகிறது. டச்சு ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அங்குள்ள தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்தார். அத்தொகுப்பு தமிழாக்கப்பட்டு, பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1806இல் பிரித்தானிய அரசு அதற்குச் சட்ட வலிமை அளித்தது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் பாகுபாடு தமிழ்ச் சொற்களாகவே நீதிமன்றத்தில் நிலைபெற்றது. எனினும் தொகுப்பு என்பதும் குற்றமற்ற வழி அன்று. ஒரு காலத்து முதலியார்கள் ஒப்பிய வடிவம் பிற்காலத்தையும் கட்டியது. மாறிவரும் வழக்காறு எழுத்தில் உறைந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தைப் பொற்காலமாகவும் சென்னையை இழப்பாகவும் மட்டும் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

யாருடைய வழக்காறு?

நெல்சனின் இரண்டாவது குறை, வழக்காற்றை ஒருமையில் கண்டது. குடி தன் வழக்காற்றின்படி வாழ விடப்பட வேண்டும் என்றபோது, அக்குடிக்குள் வழக்காற்றை வகுப்பவர் யார் என்று அவர் வினவவில்லை. பஞ்சாயத்தில் அமர்ந்தோர் ஆண்கள், நிலமுடையோர். பண்ணையாளின் உரிமையோ கைம்பெண்ணின் உரிமையோ அங்கு எவ்வாறு மதிக்கப்பட்டது என்பது தனி வினா. மறவர், கள்ளர் பற்றிய அவரது எழுத்தில் காலனிய ஆட்சியாளரின் மேட்டிமை நோக்கும் கலந்துள்ளது. பிராமணிய நெறியிலிருந்து அக்குடிகளை விடுவிக்க வாதிட்ட அதே எழுத்து, அவர்களை நாகரிகத்தின் கீழ்ப்படியில் நிறுத்தவும் தயங்கவில்லை.

நூல்வழிச் சட்டம் எப்போதும் பெண்ணுக்கு எதிராகவே அமைந்தது என்றும் கூற இயலாது. சிவகங்கை வழக்கில், கௌரிவல்லப உடையத் தேவரின் சமீன் அவர் தாமே ஈட்டியது எனக் கொண்டு, மிதாட்சரத்தின்படி அது அவருடைய மகள் கட்டம நாச்சியாருக்கே சேரும் என 1863இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. சகோதரன் வழி ஆண்களின் கையிலிருந்த சமீனை மகளுக்கு மீட்டுத் தந்தது நூல் விதி. மறுபுறம், கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு ஆண்மக்களுக்கே என்னும் மிதாட்சர விதி, மஞ்சட்காணி, சீதன நிலம் முதலிய வழிகளில் பெண்ணுக்கு நிலம் தந்த தமிழ் வழக்காறுகளைப் புறந்தள்ளிப் பொதுவிதியாயிற்று. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மகளையும் பிறப்பால் பங்குரிமையராக்கும் வரை அது நீடித்தது. நடுவண் அரசின் சட்டம் இம்மாற்றத்தை ஏற்க 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வழக்காறு என்னும் கருத்து தொன்மையை வேண்டி நிற்பதால், சீர்திருத்தத்துக்கும் அது தடையாகலாம். புரோகிதரற்ற சுயமரியாதைத் திருமணம் தொன்மையான வழக்காறு அன்று என்பதால் 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1967இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தமே அதற்கு ஏற்பளித்தது. அதே வேளையில் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், விலக்கப்பட்ட உறவுக்குள் நிகழும் மணங்களையும் வழக்காறு இருப்பின் செல்லத்தக்கதாக்கியுள்ளது. தமிழகத்தில் பரவலாக நிலவும் தாய்மாமன் மணம் இன்றும் அவ்விதிவிலக்கின் நிழலிலேயே நிற்கிறது. நெல்சன் தொடங்கிய விவாதம் முடிந்துபோன ஒன்று அன்று என்பதனை இவை உணர்த்துகின்றன.

நிறைவுரை

நெல்சனின் விமரிசனம் தன் மறுப்புப் பகுதியில் வலிமையானது. சென்னை உயர்நீதிமன்றத்தின் இந்துச் சட்டம் பெருமளவு நீதிபதிகளாலும் மொழிபெயர்ப்பாளராலும் ஆக்கப்பட்டது என்னும் அவர் முடிவைப் பிற்கால வழக்குகளும் உறுதிப்படுத்துகின்றன. ஆக்கப் பகுதியில் அது குறைபாடுடையது. தமிழ்ச் சான்றுகளின்றித் தமிழர் வழக்காற்றுக்காக அவர் வாதாடினார். வழக்காற்றுக்குள் நிலவும் ஆதிக்கத்தைக் காணத் தவறினார்.

அவர் விட்ட இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு இன்றைய தமிழாய்வுக்கு உண்டு. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் குடும்பங்களில் எஞ்சியுள்ள பாகப்பிரிவினைப் பத்திரங்கள், சீதனப் பட்டியல்கள், விடுதலை முறிகள், சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவான ஆவணப் படிகள் ஆகியவற்றை வட்டார வாரியாகத் தொகுத்து, நீதிமன்றத் தீர்ப்புகளோடும் திருவண்ணாமலைக் கோயிற் கல்வெட்டுகள் போன்ற முற்காலச் சான்றுகளோடும் ஒப்பிட வேண்டும். அப்போதுதான் நீதிமன்ற விதி ஊருக்குள் எந்த அளவு இறங்கியது, ஊர் தன் போக்கில் எந்த அளவு நடந்தது என்பன விளங்கும். பெண்களும் நிலமற்றோரும் அவ்வாவணங்களில் எங்குத் தோன்றுகின்றனர், எங்கு மறைகின்றனர் என்பதும் அத்தொகுப்பால் வெளிப்படும்.